6 வோல்ட் பல்பில் அடித்த ஷாக்

1991 ஆடி மாதம். எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் மாமா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அங்கேதான் போவேன். ரேடியோ குழாயைத் துடைப்பது, டியூப் லைட் பட்டிகளை எண்ணி வண்டியில் ஏற்றுவது, சீரியல் செட்டில் போன பல்பை மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. அப்போது ஒன்பதாம் வகுப்பு.

சீரியல் செட் என்றதும் இப்போது கடையில் சுருட்டி விற்கும் எல்இடி மாலையை நினைக்க வேண்டாம். டார்ச் பல்பு அளவில் 6 வோல்ட் பல்புகளை மொத்தமாக வாங்கி, ஒன்றின் அடியையும் அடுத்ததன் கழுத்தையும் வயரால் இணைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே கலர் ஜெலட்டின் பேப்பர் சுற்றுவோம். ஒரு வரிசைக்கு 38 பல்பு. ஏன் 38 என்று நான் கேட்டதில்லை, மாமாவும் சொன்னதில்லை. தலைமுறையாக அந்தக் கணக்குதான் என்று நினைத்திருந்தேன்.

அன்று ஒரு வரிசை எரியவில்லை. கண்ணாடி கறுத்த ஒரு பல்பு கண்ணில் பட்டது. பிளக் சொருகியபடியே இருந்தது. 6 வோல்ட் பல்புதானே, நான்கு டார்ச் பேட்டரிக்குச் சமம், அது என்ன செய்துவிடும்? பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பல்பின் இரண்டு பக்கத்து இணைப்பையும் சேர்த்துப் பிடித்துத் திருகினேன்.

அடுத்த நொடி மரப்பெஞ்சிலிருந்து கீழே கிடந்தேன். கை முழங்கை வரை மரத்துப்போயிருந்தது. இரண்டு விரல் நுனியிலும் கடுகளவு வெள்ளைக் கொப்புளம். மாமா முதலில் பிளக்கைப் பிடுங்கினார், அடுத்து என் முதுகில் ஒன்று வைத்தார்.

"வெறும் 6 வோல்ட்டு பல்புதான மாமா, அதான் தொட்டேன்."

"எதுக்கும் எதுக்கும் நடுவுலல 6 வோல்ட்டு?"

இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இன்றைக்கு வரைக்கும் பத்தாம் வகுப்புக்கு மின்னியல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். மாமா எட்டாவது தாண்டாதவர்.

அவரிடம் ஒரு டெஸ்ட் லேம்ப் உண்டு. சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று, ஹோல்டர், அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். (பெயர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் இழுக்கும்.) என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு வரிசைக்கு மறுபடி கரண்ட் கொடுத்தார். நல்ல பல்பு ஒன்றின் இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப் வயரை வைத்தார். எரியவில்லை. அடுத்த பல்பிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. போன பல்பின் இரண்டு பக்கமும் வைத்தார். சிவப்பாக எரிந்தது. சற்று மங்கல்தான், ஆனாலும் எரிந்தது. வீட்டுக் கரண்டில் எரிகிற பல்பு, ஒரு 6 வோல்ட் பல்பின் இரண்டு முனைக்கு நடுவே எரிந்தது.

நடந்தது இதுதான். வரிசை நன்றாக எரியும்போது 230 வோல்ட்டை 38 பல்பும் ஆளுக்கு 6 வோல்ட்டாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன (38ஐ 6ஆல் பெருக்கினால் 228, மாமாவின் தலைமுறைக் கணக்கு அதுதான்). ஒரு பல்பின் இழை அறுந்துவிட்டால் சுற்றில் மின்னோட்டம் சுழி. ஓம் விதிப்படி V = IR (மின்னழுத்தம் = மின்னோட்டம் × தடை). I சுழி என்றால் நல்ல பல்புகளில் எதற்கும் மின்னழுத்த வேறுபாடு கிடையாது. அப்படியானால் அந்த 230 வோல்ட் எங்கே போனது? முழுதும் அறுந்த இடத்தின் இரண்டு முனைக்கு நடுவே வந்து நிற்கிறது. பல்பின் தலையில் எழுதியிருக்கிற 6, அது ஒழுங்காக எரியும்போது மட்டும் உண்மை. நான் பிடித்தது 6 வோல்ட்டை இல்லை, 230ஐ.

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடியதால் பிழைத்தேன். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறியிருந்தால் நெஞ்சைக் கடந்து போயிருக்கும்.

*

என் வகுப்பில் மின்சுற்றுப் பாடத்தை ஓம் விதியிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு பலகையில் இரண்டு ஹோல்டரைத் தொடர் இணைப்பில் போட்டு, 60 வாட் பல்பு ஒன்றும் 100 வாட் பல்பு ஒன்றும் மாட்டியிருப்பேன். குண்டு பல்பு கிடைப்பது இப்போது அருகிவிட்டது. அட்டைப்பெட்டியில் நான்கு பத்திரமாக வைத்திருக்கிறேன். சுவிட்சைப் போடுவதற்கு முன் எது பிரகாசமாக எரியும் என்று கையைத் தூக்கச் சொல்வேன். முக்கால்வாசிக் கை 100 வாட்டுக்குத்தான் உயரும்.

60 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். 100 வாட் பல்பில் இழை சிவந்து கிடக்கும்.

உடனே ஒரு குரல் வரும்: "அது முதல்ல இருக்கு சார், அதான் கரண்ட்ட அதுவே எடுத்துக்கிச்சு." ஒவ்வோர் ஆண்டும் இது வரும், வராவிட்டால்தான் எனக்குக் கவலை. பிளக்கைப் பிடுங்கி, பல்புகளை இடம் மாற்றிப் போடுவேன். இப்போது 100 வாட் முதலில். மறுபடியும் 60 வாட்டுக்குத்தான் வெளிச்சம். வகுப்பு அந்த இடத்தில் அமைதியாகும். பாடம் அங்கேதான் ஆரம்பம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பல்பில் எழுதியிருப்பது 230 வோல்ட்டில் அது எடுக்கும் திறன். R = V²/P. 60 வாட் பல்புக்கு 52,900ஐ 60ஆல் வகுத்தால் சுமார் 882 ஓம். 100 வாட்டுக்கு 529 ஓம். குறைந்த வாட், கூடுதல் தடை. தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம், சுமார் 0.16 ஆம்பியர். I²R போட்டால் 60 வாட் பல்பு ஏறத்தாழ 23 வாட்டும், 100 வாட் பல்பு 14 வாட்டும் எடுக்கின்றன. இழை முழுச் சூட்டில் இல்லாததால் உண்மை எண்கள் கொஞ்சம் விலகும், வரிசை மாறாது.

இந்த விலகலை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரைக் கொடுத்து, கழற்றி வைத்த 60 வாட் பல்பின் தடையை அளக்கச் சொல்வேன். 65, 70 ஓம் என்று காட்டும். "882 வரணுமே சார், மீட்டர் ரிப்பேரா?" மீட்டரில் கோளாறு இல்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சுவிட்சைப் போடும் அந்த நொடியில்தான் பழைய பல்பு பெரும்பாலும் 'டப்' என்று போகும், கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த இழை அந்த ஒரு கணம் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துவிடுகிறது. ஓம் விதியில் "வெப்பநிலை மாறாதபோது" என்று ஒரு துண்டு இருக்கிறதே, மாணவர்கள் மனப்பாடம் செய்யும்போது முதலில் விழுங்குவது அதைத்தான்.

ஓம் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் பாடம் நடத்தியபடியே, வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை வைத்துச் சோதித்து, 1827இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் காலத்து மின்கலங்கள் அளக்க அளக்க வலு குறைந்துகொண்டே வந்தன. அதனால் அவற்றை விட்டுவிட்டு, இரு உலோகச் சந்திப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, சீரான வெப்ப மின்னிரட்டையை மூலமாக்கிக்கொண்டார். ஆய்வகத்தில் சாவியை (சுற்றை இணைக்கும் சுவிட்சை) செருகியபடியே வைத்துக்கொண்டு, பக்கத்துப் பையனிடம் கதை பேசிவிட்டு அளவெடுக்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். அளக்கும் நேரம் மட்டும் சாவியைப் போடுங்கள். மின்கலம் தளராது, கம்பியும் சூடேறாது. பிராக்டிகலில் பாதிப் பேருக்கு V-I வரைபடத்தின் நேர்கோடு கோணலாக வருவதன் காரணம் இதுவும், வயர் நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் முறுக்குவதும்தான்.

*

"கரண்ட் தீர்ந்துபோகிறது" என்ற எண்ணத்தைப் பிடுங்க எனக்குத் தெரிந்த நல்ல கருவி சைக்கிள் செயின். ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் உடனே சுழல்கிறது. முன்பல்லில் இருந்த கண்ணி பின்பல்லுக்குப் போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை. செயின் எங்கேயும் தேய்ந்து காணாமல் போவதுமில்லை, போன கண்ணி அத்தனையும் திரும்பி வருகிறது. கடத்தப்படுவது காலின் ஆற்றல். மின்சுற்றில் எலக்ட்ரான்கள் அந்தச் செயின். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் எலக்ட்ரான் நகரும் வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மீட்டர் போக நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். வீட்டு மின்சாரம் மாறுதிசை என்பதால் அது அவ்வளவு தூரமும் போகாது, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

போனது அத்தனையும் திரும்பி வர வேண்டும் என்ற இந்த ஒன்றை நம்பித்தான் வீட்டுப் பெட்டியில் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது சதா ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் ரகம். அந்த அளவு வித்தியாசம் வந்தால், யார் உடம்பு வழியாகவோ சுவர் ஈரம் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று கணித்துத் துண்டித்துவிடும். ஆனால் ஒரு விரலில் பேஸையும் மறு விரலில் நியூட்ரலையும் பிடித்தால், போனதும் வந்ததும் சமம். அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்பு. அன்று மாமா கடையில் ஆர்சிசிபி இருந்திருந்தாலும் என்னைக் காப்பாற்றியிருக்காது.

பாடப்புத்தகச் சுற்றுப்படத்தில் வயருக்குத் தடையே இல்லை. அதை நம்பி ஒரு கல்யாணப் பந்தலில் அவமானப்பட்டிருக்கிறேன். மாமா ஊரில் இல்லாத நாள். வீட்டிலிருந்து சமையல் பந்தல் வரை நூறு மீட்டருக்கு, கையில் கிடைத்த மெல்லிய வயரை இழுத்துவிட்டேன். டியூப் லைட் எரிந்தது. பெரிய கிரைண்டரைப் போட்டதும் டியூப் லைட் சிமிட்டி அணைந்தது. கிரைண்டர் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றது. சமையல்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு என்றே வைத்துக்கொண்டாலும் மீட்டருக்கு 0.017 ஓம். போக நூறு, வர நூறு, ஆக 200 மீட்டருக்கு 3.4 ஓம். 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 34 வோல்ட் போய்விடும், 340 வாட் வயரைச் சுட வைக்கும். அந்த 'வர நூறு' மீட்டரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சுருட்டியபடியே எக்ஸ்டென்ஷன் வயரை ஹீட்டருக்குப் போடுகிறவர்கள், கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சுருளின் நடுவில் கையை வைத்துப் பார்த்தால் போதும், விரித்துப் போட்டுவிடுவார்கள்.

*

மாமாவின் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது வாத்தியாரான பிறகு, ஒரு மழைக்கால இரவில். நாங்கள் அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். காற்றோடு மழை. திடீரென்று அறையிலிருந்த 60 வாட் பல்பு ஃப்ளாஷ் அடித்ததுபோல வெள்ளையாகப் பளிச்சிட்டது. ஃபேன் பேய் பிடித்தாற்போலச் சுற்றியது. நான் மெயினை நோக்கி ஓடுவதற்குள் டிவிக்குள்ளிருந்து ஒரு வெடிச் சத்தம், கருகல் வாடை. மெயினை இறக்கிவிட்டு வெளியே வந்தால், எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "என்ன சார், லோ வோல்டேஜா? எங்க வீட்டுல கிரைண்டர் சுத்தவே மாட்டேங்குது, லைட்டு மினுக்குன்னு இருக்கு" என்கிறார். ஒரே தெரு, ஒரே கம்பம். எங்களுக்கு வெள்ளம், அவர்களுக்குப் பஞ்சம்.

கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது. கம்பத்தில் வருவது மூன்று பேஸ் கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். எங்கள் வீடு ஒரு பேஸில், அவர்கள் வீடு இன்னொரு பேஸில். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஆனால் ஒரு பேஸுக்கும் மற்றொரு பேஸுக்கும் நடுவே? 230ஐ √3ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 400. நியூட்ரல் இருக்கும்வரை இரண்டு வீடும் தனித்தனி. அது அறுந்ததும், எங்கள் வீடும் அவர்கள் வீடும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர் இணைப்பில் மாட்டிய இரண்டு பல்பாகிவிட்டன. தெருவில் இரண்டே வீடு, எங்கள் வீட்டில் 60 வாட், அவர்கள் வீட்டில் 600 வாட் என்று எளிமையாக வைத்துக்கொண்டால் தடை விகிதம் பத்துக்கு ஒன்று. எங்களுக்கு 364 வோல்ட், அவர்களுக்கு 36. குறைவாகச் செலவழிக்கிற வீட்டுக்குத்தான் அடி. வகுப்பில் நான் காட்டிய அதே பலகை. டிவி போன துக்கத்திலும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கம்பத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அப்படிப் பல்பு அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் மெயினை இறக்குங்கள். லைன்மேன் வந்து சரிசெய்யும்வரை ஏற்ற வேண்டாம்.

*

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு: 230 வோல்ட் பலகை வேலையை ஆசிரியர் மேசையோடு விட்டுவிடுங்கள். மூன்று 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு மூன்று டார்ச் பல்பு, வயர், நூறு இருநூறு ரூபாயில் வரும் ஒரு மல்டிமீட்டர் போதும். பல்புகளைத் தொடரில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் வோல்ட் அளந்து கூட்டிப் பாருங்கள், பேட்டரியின் குறுக்கே வரும் அளவோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒரு பல்பைக் கழற்றிவிட்டு அதே இடங்களை மறுபடி அளங்கள். நல்ல பல்புகளில் சுழி, கழற்றிய ஹோல்டரில் முழு 4.5. எனக்கு 1991இல் கொப்புளம் கொடுத்துக் கற்பித்ததை நீங்கள் சேதமில்லாமல் பார்த்துவிடலாம்.

மல்டிமீட்டரில் ஒரு எச்சரிக்கை. ஆம்பியர் துளையில் வயரை விட்டுவிட்டு பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைக்காதீர்கள். அம்மீட்டருக்குத் தடை கிட்டத்தட்ட கிடையாது, அது நேரான ஷார்ட் சர்க்யூட். உள்ளே ஃபியூஸ் போகும், மலிவு மீட்டரில் அதுவும் இருக்காது. வோல்ட் அளக்கச் சுற்றை அறுக்க வேண்டாம், குறுக்கே வைத்தால் போதும். ஆம்பியர் அளக்கச் சுற்றை அறுத்து நடுவில் நுழைய வேண்டும். இது கைக்குப் பழகிவிட்டால் அம்மீட்டர் தொடரில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு பத்தாம் வகுப்பில் ஒரு பெண். அவர்கள் வீட்டில் ஒரு பிளக் பாயிண்டில் எதைச் சொருகினாலும் ஓடவில்லை. அப்பா டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு துளையில் எரிய வேண்டியது இரண்டு துளையிலும் எரிந்திருக்கிறது. "ரெண்டுலயும் கரண்ட் வருது, அப்புறம் ஏன் ஓடல?" என்று ஸ்க்ரூடிரைவரோடு மூடியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண் போய் மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டர் ஒரு முனையைத்தான் காட்டும், இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். பழைய வீடு. மெயின் பலகையில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃபியூஸ் கட்டை. நியூட்ரல் கட்டையில் கம்பி போயிருந்தது. அணைக்காமல் விட்ட ஃபேன் வழியாகப் பேஸ் சுற்றிவந்து நியூட்ரல் துளையில் நின்றிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கப்பா இன்னும் நம்பல சார். டெஸ்டர்தான் ரிப்பேருன்னு புதுசு வாங்கிட்டு வந்துட்டாரு."